வால் வைத்த எழுத்து

மே 14, புதன்

இன்றைக்கும் கபேஸ. தலை. போத்துக்கீசத்தில் அந்த ஒரே சொல்லுக்குள் சீ எழுத்து இரண்டு இடத்தில் வருகிறது. முதலாவது 'க'. மற்றதன் அடியில் தூண்டில் முள் மாதிரி ஒரு வால் - ç. வால் இருந்தால் 'ஸ'. விடிய எழும்பிக் குசினிக்குள் அடுப்படியில் நின்று, போனில் வருகிற வீடியோக்காரி சொல்லச் சொல்ல நானும் கத்துகிறேன். மாமி தேத்தண்ணியோடு பார்த்துக்கொண்டிருந்தா.

"நர்ஸ் என்ன சொன்னவ?"

"தலை வீக்கம் குறையுதாம் மாமி."

"அதுக்கு ஏன் புள்ள பாம்பு மாதிரிச் சீறுறாய்?"

சிரிப்பு வந்துவிட்டது. கனநாளைக்குப் பிறகு.

மே 17

இந்தப் பாசையைத் தொடங்கினது புருசன் கோகுலிடம் போவதற்காக. போத்துக்கல்லில் தோட்ட வேலை, விசா சரிவந்தால் நீயும் வா என்றார். வீடு, கதவு, பாண், பஸ் நின்றது - இவைதான் முதல் பாடங்கள். சித்திரை வருசத்துக்குப் பிறகு அவர் பண்ணைக் கூரையிலிருந்து விழுந்தார். இன்னும் கண் திறக்கவில்லை. இப்போது உடம்புச் சொற்கள்தான் படிக்கிறேன். கை, ப்றாஸு. தலை, கபேஸ. இதயம், குறஸாவ் - மூக்கால் முடிக்கவேண்டும். எல்லாவற்றிலும் அந்த வால். நோகிற இடமாகப் பார்த்து வைத்தார்களோ?

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி இரங்கித் தன் போனிலிருந்து குரல் அனுப்புகிறாள். அங்கே அவரோடு ஒரே அறையில் தங்கி வேலை செய்த ஏறாவூர் அக்ரமும் லீவு நாளில் போய்ப் பார்த்துச் சொல்வான். ஆனால் நர்ஸ் சொல்வது இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் விளங்கும். அதனால்தான் மாமி தன் மகள் வீட்டை விட்டுவிட்டு என் வீட்டில் வந்து நிற்கிறா.

மே 22

கடையில் என்னோடு தைக்கிற றீற்றா பறங்கி ஆள், போத்துக்கீசர் வழி வந்தவள். அவர்கள் வீட்டில் பேசுவது பழைய போத்துக்கீசம். நர்ஸின் குரலைப் போட்டுக் காட்டினேன்.

"பாதி விளங்குது தக்சிகா. மற்றப் பாதிய எங்கட ஆக்கள் கப்பல்லயே விட்டுட்டு வந்திருப்பாங்க."

வால் எழுத்தைக் காட்டினால், "இதென்ன பூச்சி?" என்கிறாள். பேசுவதோடு சரியாம், அவர்கள் வீட்டில் எழுதுவதில்லை. சத்தம் மட்டும் அப்படியே அந்த நர்ஸின் சத்தம். பொறாமையாக இருந்தது.

நர்ஸ் எப்போதும் கடைசியில் 'இஷ்பெறான்ஸ' என்று முடிப்பாள். நம்பிக்கை. இன்றைக்கு அதைச் சொல்லவில்லை. றீற்றாவிடம் சொன்னேன், அவள் ஊசியில் நூல் கோத்தாள்.

மே 30

நர்ஸிடமிருந்து இன்றைக்கும் ஒன்றும் இல்லை. ஏதாவது சொல்லேன்டி.

ஜூன் 5, வியாழன்

அம்மன் சடங்கு தொடங்கிவிட்டது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தாய்வழிக் குடிக் கூட்டத்தின் முறை. கோகுலின் தாய்வழிக் குடிக்குச் சனிக்கிழமை. கோயிலை நடத்துகிற வண்ணக்கர் இவருடைய தாய்மாமன் வேலன், எனக்குப் பெரியப்பா முறை. "அக்கா, அம்மாளுக்குப் படைக்கிற மடைக்கு முன்னால நீதான் நிக்கோணும்" என்று மாமிக்கு வெற்றிலை கொடுத்துவிட்டுப் போனார். மாமி மகனுக்காக நேர்ந்திருக்கிறா. முகத்தில் ஒரு வெளிச்சம்.

ஜூன் 6, வெள்ளி

காலமை நர்ஸின் குரல். 'ஓ குறஸாவ் பறோ.'

பறோ எனக்கு முதல் பாடத்திலேயே தெரியும். பஸ் நின்றது.

மாமி கிணற்றடியில். நான் பெரியப்பாவிடம் ஓடினேன். கோயில் வாசலில் மாவிலை கட்டிக்கொண்டு நின்றவர் அப்படியே மண்ணில் இருந்துவிட்டார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஆருக்கும் சொன்னியா?"

"இல்ல."

"நாளைக்கு எங்கட குடிச் சடங்கு மகள். சேதி காதில விழுந்தாத்தான் துடக்கு, தீட்டெல்லாம். இப்ப விழுந்தா குடியில ஒருத்தரும் கோயிலுக்க கால் வைக்கேலா."

"என்ட காதில விழுந்திட்டே."

"அது போத்துக்கீசத்தில விழுந்தது. போன்ல படிச்ச பாசைதானே? நீ பிழையா விளங்கியிருப்பாய். அக்ரம் தமிழில சொல்லட்டும். நாளைக்குச் சடங்கு முடியமட்டும் அவன்ட போன எடுக்காத."

அழுதுகொண்டுதான் சொன்னார். அதனால் கோபிக்கவும் முடியவில்லை. இல்லை, கோபம்தான். பத்தி எரியுது. ராவு பகலா நான் படிச்ச பாசை ஒரு பாசை இல்லையாம்!

ஆனால் பிழையா விளங்கியிருப்பேனோ? ப்றாஸுவை எத்தனை நாள் 'ப்றாக்கு' என்று சொன்னவள் நான். வாலைக் கண்ணிலேயே காணாதவள். அம்மாளே, நான் மொக்காவே இருக்கட்டும். எனக்கு ஒண்டும் விளங்காததாவே இருக்கட்டும்.

ஜூன் 7, சனி

அக்ரம் எடுக்கிறான். நான் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். திரும்பவும் எடுக்கிறான். போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன், அங்கேயும் அதிர்கிறது.

பொட்டு வைத்துச் சாறி உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போனேன். உள்ளே போக மனம் வரவில்லை. வீதியில் ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். பறை அடிக்கிறது, குரவை போடுகிறார்கள், பெரியப்பா என் பக்கமே திரும்பவில்லை.

மாமி வரவே இல்லை. முழங்கால் நோவாம்! நேர்ந்தவ, வெற்றிலை வாங்கினவ, பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறா. எனக்கு விசர் வந்தது. ஆருக்காக நான் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறேன்?

ஜூன் 8

அக்ரமின் அழைப்பை எடுத்தேன். "எங்கக்கா போன நீங்க? வெள்ளிக்கிழமையில இருந்து எடுக்கன்."

பிறகு தமிழில் சொன்னான்.

நான் பிழையாக விளங்கவில்லை.

ஜூன் 11

வீடு நிறைய ஆட்கள். இன்றைக்குத்தான் மாமியோடு தனியே இருக்கக் கிடைத்தது. மடியில் விழுந்து, "வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும் மாமி, சொல்லாம மறைச்சிட்டன்" என்றேன். அடிப்பா என்று நினைத்தேன். தலையைத் தடவினா.

"எனக்கும் தெரியும் புள்ள. துடக்கோட அம்மாளிட்ட எப்பிடிப் போற? அதான் படுத்துக் கிடந்தன்."

"ஆர் மாமி சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. சனி விடிய முழிச்சிக்கிட்டுக் கிடந்தன். நீ குசினிக்க நிண்டு சீறல்ல."