யார் வீடும் இல்லாத மேசை

அக்கா,

இன்று காலை கடையில் ஒரு தண்ணி மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தபோது செல்போனில் ஒரு செய்தி வந்தது. போன மே மாதம் கொச்சிப் பக்கம் நாம் போன ராட்டினப் பார்க்கின் ஓட்டலிலிருந்து. சென்ற ஆண்டு பதினோரு பேருக்கு மேசை பதிவு செய்திருந்தீர்கள், இந்த விடுமுறைக்கும் குடும்பத்தோடு வாருங்கள் என்று. கீழே ஒரு சிரிக்கிற மூஞ்சி வேறு. பதினோரு பேராம். அந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும், பாவம். கிரீஸ் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மோட்டார் கொண்டுவந்த ஆள், "என்னண்ணே, கரண்டு கிரண்டு அடிச்சிருச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் மனசுக்குள் உன்னோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இந்த ஒரு பேச்சை மட்டும் தள்ளித் தள்ளிப் போட்டேன். உனக்குத் தெரிந்த கதைதான். உனக்குத் தெரியாதது ஒன்று அதில் இருக்கிறது.

எல்லாம் என் மகள் சடங்கில் ஆரம்பித்தது. தாய்மாமன் சீர் கொண்டுவந்தவர்களை முதல் பந்தியில் உட்கார வைப்பதுதான் முறை, அதை நம் அண்ணனும் குறை சொல்லவில்லை. மண்டப வாசலில் நின்று வருகிற ஆளையெல்லாம் வாங்க வாங்க என்று கும்பிட்டுக்கொண்டே இருந்தார். அவர் உட்கார்ந்தபோது நாலாவது பந்தி. கறி தீர்ந்துபோய்விட்டது. பெண்ணின் பெரியப்பா இலையில் வெறும் குழம்பும் ரசமும். "பெரியப்பனுக்குக் கறி இல்லையாடா?" என்றார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். எனக்குத்தான் வாய் இருக்கிறதே. "ஒரு நேரம் கறி இல்லாட்டி செத்தா போயிருவ?" என்றேன். சபையில், என் மாமனார் வீட்டு ஆட்கள் பார்க்க.

அண்ணன் இலையை மூடாமல் எழுந்தார். "இனிமே உன் வீட்டுல கை நனைக்க மாட்டேன்டா. நீ ஒக்காருற எந்தச் சொந்தக்காரன் பந்தியிலயும் ஒக்கார மாட்டேன். இது சத்தியம்" என்றார். நான் மட்டும் உட்கார்ந்துவிடுவேனா என்று நானும் சத்தியம் செய்தேன். நம் ஆட்களுக்குச் சத்தியம் பண்ணுவதற்கு நேரமா ஆகும்?

ஏழு வருசம் அது உன் தலையில்தான் விடிந்தது. சின்னமனூரில் உன் வீட்டில் பொங்கலுக்கு இரண்டு தரம் உலை வைப்பாய். பன்னிரண்டு மணிக்குக் கூடலூரிலிருந்து அண்ணன், இரண்டு மணிக்குக் கம்பத்திலிருந்து நான். அவருடைய ஜீப் உன் வாசலில் நின்றால் நான் டீக்கடையில் காத்துக் கிடப்பேன். மச்சான் ஒருநாள், "ஏம்ப்பா, பஸ் டயமா இது?" என்று சிரித்தார். நீ சிரிக்கவில்லை.

அப்புறம் உன் வயிற்றில் கட்டி என்றார்கள். மதுரையில் அறுத்துப் பார்த்து, அப்படியே தைத்து அனுப்பிவிட்டார்கள். உனக்கு இரண்டு வாய் கஞ்சி இறங்குவதே பெரும்பாடாகிப்போனது. அண்ணனையும் என்னையும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நிற்க வைத்து நீ ஒன்றே ஒன்று கேட்டாய். "நான் போறதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் ஒரு எடத்துல ஒக்காந்து சாப்பிடுறத என் கண்ணால பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம்." நாங்கள் இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தோம். வீம்பு, அக்கா. சாகிற அக்கா முன்னாலும் இறங்காத வீம்பு.

வேறு யாராவதாக இருந்தால் அழுதிருப்பார்கள். நீ வழி கண்டுபிடித்தாய். உன் மகள் செல்போனில் அந்தப் பார்க்கைக் காட்டிக்கொண்டிருந்தாளாம். உள்ளே ஓட்டல்கள் இருக்கின்றன, பெரிய குடும்பம் என்றால் முன்கூட்டியே மேசை பிடித்து வைக்கலாம் என்று சொன்னாளாம். உடனே எனக்குப் போன் போட்டாய். "ஏலே, ஓட்டல்காரன் நமக்கு என்ன ஒறவா? மாமனா, மச்சானா? அது யாரு வீடும் இல்ல. அங்கன ஒக்காந்தா யாரு சத்தியமும் ஒடையாதுல்ல?" என்றாய். "சரிக்கா" என்றேன். அண்ணனிடமும் இதையே கேட்டிருக்கிறாய். அவரும், "பிள்ளைகளுக்கு லீவுதான, போவோம்" என்றாராம்.

வீரபாண்டித் திருவிழா முடிந்த மறுவாரம் கிளம்பினோம். அவர்கள் ஜீப்பில், நாங்கள் வேனில். உன் மடியில் ஒரு நோட்டுத் தாள். இரண்டு நாளைக்கும் நீ போட்ட திட்டம். ஊரெல்லாம் ராட்டினத்துக்காகப் பார்க்குக்குப் போகும், நீ சோற்றைச் சுற்றி ராட்டினத்தை அடுக்கியிருந்தாய். பன்னிரண்டே முக்காலுக்கு மேசை, அதனால் பதினோரு மணிக்கு மேல் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது, தலை காய வேண்டும். தலைகீழாகச் சுற்றுகிற எதிலும் காலையிலேயே ஏறிவிட வேண்டும், சாப்பிட்டபின் ஏறினால் வாந்தி. முதல் நாள் மதியம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசை. நாலு மணிக்கு டீக்கு ஒரே மேசை. மறுநாள் மதியம் இலைச் சாப்பாடு, பதினோரு பேரும் ஒரே வரிசை. பயந்த பிள்ளையைக் கிணற்றில் படிப்படியாக இறக்குகிற மாதிரி எங்கள் இரண்டு பேரையும் இறக்கப் பார்த்திருக்கிறாய்.

செயற்கை அலையடிக்கிற குளத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, எல்லோருடைய பைகளையும் மடியில் அடுக்கி, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாயே. சரியாகப் பதினோரு மணிக்கு, "போதும், ஏறுங்கலே!" என்று நீ போட்ட சத்தத்தில் யார் யார் வீட்டுப் பிள்ளைகளோ கரையேறின. அண்ணனின் சின்னவன், "அத்தை, நாம ரைடுக்கு வந்தமா சோத்துக்கு வந்தமா?" என்று சிணுங்கினான். "சோத்துக்குத்தேன்" என்றாய். அவனுக்கு விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கியது.

அன்று மதியம் அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் நாலு மணிக்கு, டீயில் இனிப்புப் பற்றாமல் நான் மேசையில் துழாவியபோது, எங்கேயோ பார்த்துக்கொண்டே சர்க்கரைக் கிண்ணத்தை இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினார். மேசைக்கு அடியில் நீ என் தொடையில் கிள்ளினாய். சாயங்காலம் லாட்ஜில் உன் முகம் வெளுத்துப்போய்க் கிடந்தாலும் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். "நாளைக்கு அந்தக் கொளத்தோர ஓட்டலு. நீயே செல்லுல பதிஞ்சுரு. என் பேரப் போடு, மறந்துறாத" என்றாய்.

இங்கேதான் உனக்குத் தெரியாதது இருக்கிறது. பெயர் கேட்கிற கட்டத்தில் முதலில் உன் பெயரைத்தான் அடித்தேன். பிறகு அழித்தேன். என் பெயரை அடித்தேன். அந்தச் சர்க்கரைக் கிண்ணம் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஏழு வருசமாக முறுக்கிக்கொண்டு திரிந்தாயே அண்ணே, நாளைக்கு என் பெயரில் இருக்கிற மேசையில் உட்கார்ந்துதான் தின்னப்போகிறாய் என்று ஒரு கள்ளச் சந்தோசம். யாருக்கும் தெரியப்போவதில்லை, எனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். எவ்வளவு சின்னப்புத்தி பார்.

மறுநாள் மேசை நடுவில் ஒரு சின்ன அட்டை நிறுத்தியிருந்தது. மலையாளத்தில் என்னவோ எழுதியிருந்தது. விலைப்பட்டியலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அண்ணன் இருபது வருசமாகக் குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறவர், மலையாளம் பேசவும் படிக்கவும் தண்ணீர்பட்ட பாடு என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

இலை போட்டார்கள். பரிமாற வந்தவரிடம் இருந்து மீன் வாளியை நீயே வாங்கிக்கொண்டாய். நிற்கவே தெம்பில்லாதவள், மேசையைப் பிடித்துப் பிடித்து நடந்து அண்ணன் இலையில் மீன் தலையை வைத்தாய். அடுத்து என் இலையில். இரண்டு இலைக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது. அண்ணன் தண்ணீர் தெளித்த கையோடு அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு பேருல போட்ட மேசை?"

நீ ஒரு நொடியில் புரிந்துகொண்டாய். "என் பேருதாண்ணே. அவுக தப்பா எழுதிப்புட்டாக போல. நீ சாப்பிடு" என்றாய். அண்ணன் உன் முகத்தைப் பார்த்தார். நீ சொல்வது பொய் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கை இலைக்குத் திரும்பியது, அக்கா. நான் பார்த்தேன். "ம். அதானே, இவன் மேசையில எவன் ஒக்காருவான்" என்று மட்டும் முணுமுணுத்தார். தோற்கப்போகிறவர் தன் மரியாதைக்குச் சொல்லிக்கொண்ட ஒரு பேச்சு. நான் வாயை மூடிக்கொண்டு ஒரு உருண்டை சோற்றை எடுத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

"என் மேசைதேன். நான்தேன் போட்டேன். என்ன இப்ப? தின்னா கொறஞ்சா போயிருவ?" என்றேன்.

அண்ணன் எழுந்தார். நீ அவர் சட்டையைப் பிடித்தாய். "அண்ணே, எனக்காக. ஒரு வாய்" என்றாய். அவர் உன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, ஜீப்பை நோக்கி நடந்தார். அண்ணியும் பையன்களும் பின்னாலேயே போனார்கள். அப்புறம் நீ என்ன செய்தாய் தெரியுமா? அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தாய். "எலையில வச்ச சோறு, வீணாப் போகக் கூடாது" என்று சொல்லி அந்தச் சோற்றைப் பிசைந்து தின்ன ஆரம்பித்தாய். மாதக்கணக்கில் கஞ்சி தவிர எதுவும் இறங்காதவள். நாலு வாய் தின்றாய். உன் மகள், "வேணாம்மா, வேணாம்மா" என்று அழுதாள். நான் அடுத்த இலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குமுளி மலை இறங்கும்வரை வேனை நிறுத்தி நிறுத்தி வாந்தி எடுத்தாய்.

வழியில், "ஏலே, என் பேரப் போடச் சொன்னேன்ல?" என்று கேட்டாய். "போன் நம்பரு என்னோடதுக்கா, பேரும் தானா விழுந்துருச்சு" என்றேன். நீ நம்பினாய். "விடு. நான்தேன் எம் மகளையே பதியச் சொல்லியிருக்கணும். என் தப்பு" என்று என் தலையைத் தடவினாய். ஐப்பசியில் நீ கண்ணை மூடுகிறவரைக்கும் அதை உன் தப்பு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாய். வருகிறவர்களிடம்கூடச் சொன்னாய். நான் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். திருத்தவில்லை. பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கும் அண்ணன் பன்னிரண்டு மணிக்கு வந்தார், நான் இரண்டு மணிக்கு வந்தேன்.

இன்றைக்கு அந்தச் செய்தியைப் பார்த்தபின் எனக்குக் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. மோட்டாரைப் பிரித்தது பிரித்தபடி போட்டுவிட்டுக் கூடலூர் பஸ் ஏறினேன். எட்டு வருசத்துக்குப் பிறகு அந்த வாசல். அண்ணன் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காரும் நேரம். அண்ணி என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். நான் வாசலில் நின்றபடியே, பேரை மாற்றிப் போட்டதை ஒன்றுவிடாமல் சொன்னேன். எதற்காகப் போட்டேன் என்பதையும் சொன்னேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. பிறகு, "பசிக்குதுண்ணே. சோறு போடச் சொல்லு" என்றேன்.

அண்ணி தட்டெடுக்க உள்ளே போனார். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். மெலிந்துபோயிருக்கிறார், அக்கா, கன்னமெல்லாம் ஒட்டிப்போய்.

"வேணாம்டா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "கேட்டவளுக்குக் குடுக்கல. இப்ப நாம தின்னு யாருக்குக் காட்டப்போறோம்?" என்றார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "என் சட்டையப் பிடிச்சாளேடா, அந்தக் கையப் போயி எடுத்துவிட்டேனே" என்று பிள்ளை மாதிரி அழுதார். நானும் அழுதேன். அண்ணி இரண்டு தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். சோறு ஆறிப்போனது. ஒருவரும் தொடவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அண்ணனே ஜீப்பில் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, "பாத்துப் போடா" என்றார்.

எனக்கும் அண்ணனுக்கும் இப்போது ஒரு சண்டையும் இல்லை, அக்கா. சண்டை இருந்த வரைக்கும் நீ இருந்தாய்.