பெரியப்பாவின் கண்ணும் என் மலிவுத் துப்பாக்கியும்

கார்னார்வன்
ஞாயிறு, ஆராதனை முடிந்து

அன்பு மகன் வெர்னருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் ஆடுகளும் காற்றாலை பம்பும் கர்த்தர் கிருபையால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறோம், பம்பு மட்டும் கொஞ்சம் முனகுகிறது. பெர்த்தில் நீயும் கார்லாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது, உன்னிடமிருந்து வருவதெல்லாம் இரண்டு வரியும் சிரிக்கிற ஒரு மஞ்சள் மூஞ்சியும்தானே. நீ அனுப்பிய முதியோர் குடியிருப்புப் படங்களும் வந்து சேர்ந்தன. ரொம்ப அழகான இடம். அந்த நீச்சல் குளத்தில் இருக்கிற தண்ணீரை இங்கே கொண்டுவந்தால் என் ஆடுகள் இந்தக் கோடையைத் தாண்டிவிடும். அங்கே நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். காலையில் ஒரு கிழவியோடு சீட்டு ஆடலாம், மாலையில் இன்னொரு கிழவியோடு ஆடலாம். யோசிக்க யோசிக்க ஆசையாகத்தான் இருக்கிறது.

கோபஸ் பெரியப்பா உன்னைப் போனில் கூப்பிட்டு, உன் அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, தனியாகத் துப்பாக்கியோடு திரிகிறாள், ஒருநாள் வேலைக்காரனையோ தன் காலையோ சுட்டுவிடப் போகிறாள், நிலத்தை விற்கச் சொல் என்று சொன்னதாகக் கார்லா எழுதியிருந்தாள். அப்பாவின் அண்ணன், மூத்தவர், நம் வேலிக்கு அந்தப் பக்கம் பண்ணை வைத்திருப்பவர், சொன்னால் பொய்யாகவா இருக்கும் என்று நீயும் உடனே படங்களை அனுப்பிவிட்டாய். என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் நான் ஏதாவது பதில் சொல்லிவிடுவேனோ என்ற பயம் போலும். போன வாரம் நடந்ததை உனக்கு வேறு யாராவது சொல்லும் முன் நானே எழுதிவிடுகிறேன், இந்த ஊரில் ஒரு செய்தி வேலி தாண்டுவதற்குள் கொம்பு முளைத்துவிடும்.

முதலில் அந்தத் துப்பாக்கி. இரும்புக் கடைச் சாமான் என்று நீ சொன்னாயே, அதுதான். பண்ணையை விற்றுவிட்டுக் கடலோரம் போன பக்கத்துக்காரரின் ஏலத்தில் எடுத்தது. யாரும் விலை கேட்கவில்லை, அதனால் ஒரு பழைய வாளியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வாளிதான் உருப்படி என்று உன் பெரியப்பா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஆனால் அந்தத் துப்பாக்கிக்குள்ளே இருப்பது அசல் மவுசர் இயந்திரம். எந்த ராணுவமோ சண்டைக்கென்று செய்து, சுட்டுச் சலித்து, கழித்துக்கட்டியது. பிற்பாடு யாரோ வேட்டைக்காகப் புதுக் குழல் போட்டிருக்கிறார்கள். மரக்கட்டையை மட்டும் வேலிக் கம்பத்தில் மிஞ்சிய துண்டில் செய்த மாதிரி இருந்தது. போலீஸ் அனுமதி வருவதற்குள் அந்த வருஷம் பிறந்த பெட்டைக் குட்டி தாயாகிவிட்டது, அதனால் கோபப்படவும் எனக்கு நிறைய அவகாசம் கிடைத்தது.

வந்த பிறகு நான் சும்மா இருக்கவில்லை. கட்டை ஆறடி ஆளுக்குச் செய்தது, என் கைக்கு விசை எட்டவே இல்லை. பின்பக்கம் அறுத்துக் குறைத்து ரப்பர் வைத்தேன். பழைய மெருகைச் சுரண்டிவிட்டு, சாயங்காலம் தோறும் ஆளிவிதை எண்ணெய் தேய்த்தேன். இப்போது அதற்கு என் முகத்தைவிட நல்ல நிறம். துப்பாக்கியின் இரும்புப் பாகம் மரக்கட்டையில் உட்காரும் இடம் ஆடிக்கொண்டிருந்தது, அங்கே பிசின் ஊற்றி இறுக்கினேன், அதற்குப் பிறகுதான் தோட்டாக்கள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் விழ ஆரம்பித்தன. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட்டை இழுத்தால் சரளைக்கல்லில் கலப்பை இழுக்கிற சத்தம் வரும். மெருகுப் பசை போட்டு, தோட்டா இல்லாமல், டிவி செய்தி முடியும்வரை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருப்பேன். அரசியல்வாதிகள் பேசும்போது வேலை இன்னும் நன்றாக ஓடியது. விசையை மட்டும் நான் தொடவில்லை, அதில் கை வைத்துக் கெடுத்தால் போல்ட்டை மூடும்போதே வெடித்துத் தொலையும். அதையும் பாதுகாப்புப் பூட்டையும் ஊரில் ஃபானியிடம் கொடுத்து மாற்றினேன். அவன் துப்பாக்கி பழுதுபார்ப்பதைவிட எனக்குப் புத்தி சொல்வதில் கெட்டிக்காரன், “அக்கா, இந்தச் செலவுல புதுசே வாங்கிருக்கலாம்” என்றான். புதிதாக வாங்கியிருந்தால் அவன் வாய்க்கு வேலை ஏது.

உன் பெரியப்பாவும் போன வருஷம் ஒன்று வாங்கினார். வெளிநாட்டுச் சரக்கு, மேலே என் முழங்கை நீளத்துக்குத் தொலைநோக்கி, அதைத் துடைக்கத் தனித் துணி, அந்தத் துணிக்கு ஒரு தனிப் பை. என் துப்பாக்கிக்கு அவர் வைத்த பெயர் மண்வெட்டி. “மண்வெட்டிய எடுத்துக்கிட்டியாம்மா, தோட்டம் கொத்தப் போறோம்” என்பார். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வது போலச் சிரிப்பார், பாவம்.

மழை இல்லாததால் மேய்ச்சல் கொஞ்சம்தான், ஆட்டுக்கு இருக்கிற புல்லை ஜெம்ஸ்பாக் மான்கள் தின்றுவிடுகின்றன. ஒன்றைச் சுட்டு உப்புக்கண்டம் போடலாம் என்று போன வாரம் சனிக்கிழமை காலையில் கிளம்பினேன். பெரியப்பா வேலி தாண்டி வந்து, மூத்தவன் நான், முதல் சூடு என்னுடையது என்றார். சரி, கிரீடத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சரிவில் பாறைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டேன், அதுவும் தலை கீழே கால் மேலே, வேறு இடம் இல்லை. அவர் சுட்டார், கிழட்டு ஆண் மான் ஒன்று புதருக்குப் பின்னால் விழுந்தது. தோட்டா நெஞ்சில் படாமல் பின்பக்கமாகப் பட்டதை நான் பார்த்தேன். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஏதோ கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி நடந்தார்.

வெர்னர், அந்த மானைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் கறுப்பு நாயின் விலாவில் அந்த ஈட்டிக் கொம்பு ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் வந்ததை நீதான் பார்த்தாய். என் தொலைநோக்கி சின்னது, பழையது, ஆனாலும் அந்த மானின் காது அசைவது தெரிந்தது. நான் கத்தினேன், “நில்லுங்க, அது சாகல, உயிரோட இருக்கு” என்று. அவர் திரும்பாமலே கையை ஆட்டி, “எனக்குத் தெரியும்மா, நீ உன் மண்வெட்டிய பாரு” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவர் மானை நோக்கி நடக்கவே இல்லை. தள்ளி ஒரு பழுப்புக் கரையான் புற்று இருந்தது, அதைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். அதைத்தான் செத்த மான் என்று நினைத்திருக்கிறார். உயிரோடிருந்த மான் அவருக்கு இடது கைப்பக்கம் முன்னங்காலை ஊன்றி எழுந்துகொண்டிருந்தது.

அது தலையைத் தாழ்த்தி கொம்பை நேராக வைத்துப் பாய்ந்தபோது நான் சுட்டேன். தோளில் பட்டது, ஆனாலும் வந்துகொண்டே இருந்தது. தலைகீழாகப் படுத்திருந்த எனக்கு எழ முடியவில்லை, துப்பாக்கியை ஒரு பக்கமாகச் சாய்த்தபடியே போல்ட்டை இழுத்தேன். மவுசரில் ஒரு பெரிய கொக்கி உண்டு, தோட்டாவைப் பெட்டியிலிருந்து எடுத்த கணத்திலிருந்து கவ்விக்கொள்ளும், எப்படிக் கவிழ்த்தாலும் விடாது. இரண்டாவது தோட்டா சத்தமில்லாமல் உள்ளே போனது. சுட்டேன். மான் விழுந்த வேகத்தில் சறுக்கிக்கொண்டு வந்து, அதன் மூக்கு அவர் பூட்ஸைத் தொட்டு நின்றது. அவர் அப்போதும் புற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தவர், “இது எங்கேர்ந்து வந்துச்சு?” என்றார்.

நான் உடனே எழுந்து ஓடினேன் என்று எழுத ஆசைதான். பாறையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடந்தேன். ஒரு மூத்த மனிதர் என் கண்ணெதிரில் குத்துப்பட்டுச் சாகப் போகிறார் என்று மான் பாய்ந்த நேரம் நிச்சயமாக நினைத்தேன். பிறகு இறங்கிப் போனால் அவர் அந்தப் புற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்காமல், “பெரிய கண்ணாடி வழியா பார்த்தா கொஞ்சம் தெரியுதும்மா. வெறுங்கண்ணுலதான் பால் ஊத்துன மாதிரி இருக்கு” என்றார். அந்த வெளிநாட்டுச் சரக்கு எதற்கு வாங்கினார் என்று அப்போதுதான் புரிந்தது. எவ்வளவு காலமாக என்று கேட்டேன். புற்றை விரலால் சுரண்டினார். என் மகனுக்குப் போன் போட்டு எனக்குத்தானே கண் மங்கிவிட்டது என்றீர்கள் என்று கேட்டேன். “உனக்கும் மங்கியிருக்கும்னுதான் நெனச்சேன். என் வயசு பக்கந்தானே நீயும்” என்றார். என்ன பெருந்தன்மை பார், தன் நோயைக்கூட எனக்குப் பங்கு போட்டிருக்கிறார்.

அவர் துப்பாக்கியிலிருந்து போல்ட்டைக் கழற்றி என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். கண் புரைக்கு ஆபரேஷன் முடிந்த பிறகு தருகிறேன் என்றேன். முகம் சிவந்து, உன் வீட்டுப் பிள்ளையா நான், கொடு என்றார். நான் கொடுக்கவில்லை. வழியெல்லாம் வண்டியில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார், எதைப் பார்த்தாரோ. அன்று மாலை சூசன் பெரியம்மா போன் செய்து அழுதாள். வாசல் தபால் பெட்டியை வண்டியால் இடித்துவிட்டு, காற்றில் சாய்ந்தது என்றாராம், இவளும் காற்றைத் திட்டினாளாம். ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடுவாராம். இவ்வளவையும் பார்த்துக்கொண்டு அவள் வாயைத் திறக்கவில்லை, அவர் கோபப்படுவார் என்று. கோபப்படட்டுமே, கோபத்தில் யாரும் கரையான் புற்றைச் சுடப்போவதில்லை.

செவ்வாய்க்கிழமை நானே அவரைக் கிம்பர்லி கண் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கூட்டிப் போனேன். பாதி வழியில் ரஸ்க்கும் காப்பியும் கொடுத்தேன், அதை வாங்கும்போது, “நிலத்தை விக்கச் சொல்லி இனிமே நான் கேக்க மாட்டேன், வெர்னர் கேட்டா அவன் பாடு” என்றார். ஆகவே இனி நீ தனியாகத்தான் கேட்க வேண்டும், என் பதில் உனக்குத் தெரியும், தபால் செலவை மிச்சம் பிடி. ஒரு கண் முடிந்தது, மற்றது அடுத்த மாதம். இரண்டும் முடிந்தால்தான் போல்ட். பாதி இறைச்சி அவர்களுக்குக் கொடுத்தேன், உன் பங்கையும் தொங்கவிட்டிருக்கிறேன், உங்கள் நாட்டு விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள் என்பதால் அதை இங்கே வந்துதான் தின்ன வேண்டும்.

பிள்ளைகளுக்கு என் முத்தம். கார்லா நன்றாக எழுதுகிறாள், அவளிடம் சொல். சின்னவனுக்கு இருமல் என்றாளே, தேன் கொடு, மார்பில் ஒத்தடம் வை. நீ சுரங்கத்தில் இரவு வேலை என்றால் தூங்காமல் வண்டி ஓட்டாதே. கர்த்தர் உங்கள் வாசலைக் காக்கட்டும், கடல் தாண்டியும் அவர் கை எட்டும் என்கிறார் போதகர், என் கைதான் எட்டவில்லை. பெரியப்பாவுக்கு மறக்காமல் போன் செய், கண்ணைப் பற்றி நீயாகக் கேட்காதே, அவரே சொல்லட்டும்.

ஒன்றை எழுத விட்டுப்போனது. ஆபரேஷனுக்கு மறுநாள் காலையில் டாக்டர் கண்கட்டை அவிழ்த்ததும் பெரியப்பா சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “ஹெஸ்டர், நீ எப்பம்மா இவ்வளவு கிழவி ஆனே?” என்றார். “நீங்க யாரும் பாக்காதப்பதான்” என்றேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஹெஸ்டர்