பாட்டுப் போடாத டிவிடி

மச்சான்,

பழைய லெப்டொப் சூடேறும்போது வருமே ஒரு தூசி கருகும் வாசம், இன்று காலையிலிருந்து வீடு முழுக்க அதுதான். நாம் இருவரும் கண்டியில் வீடியோ கடை நடத்திய காலத்து லெப்டொப். "இந்தக் குப்பைய எப்பதான் தூக்கிப் போடுவீங்க?" என்று என் மனைவி கேட்காத மாதமில்லை. இன்று அவளே அதை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கித் தந்தாள். காரணம் உன் மகள்.

வெளிநாட்டில் இருக்கும் புருஷனிடம் அவள் இன்று புறப்படுகிறாள். பின்னேரம் வேன் வந்துவிடும். அதற்குள் ஒரு டிவிடியைத் தூக்கிக்கொண்டு அம்பிட்டியவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்திருந்தாள்.

"மாமா, இதுல மட்டுந்தான் அப்பா பேசுறாரு. எப்படியாவது பென் டிரைவ்ல போட்டுத் தாங்க."

உண்மைதான். கலியாண வீடுகளில் கெமராவுக்குப் பின்னால் நின்று மாப்பிள்ளை முதல் ஐயர் வரை எல்லாரையும் அதட்டுவாய். பிறகு கடைக்கு வந்து, உன் சத்தம் வந்த இடமெல்லாம் சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிடுவாய். பாட்டில்லாத கலியாண டிவிடியை நம் ஆட்கள் யார் வாங்குவார்கள்? உன் மகளின் பள்ளிக்கூடக் கலைவிழாவுக்கு மட்டும் பாட்டுப் போட உனக்கு நேரம் கிடைக்கவில்லை.

டிவிடியைப் போட்டேன். கொப்பி ஆகத் தொடங்கியது, ஆனால் நத்தை வேகம். நாளைக்குத்தான் முடியும் என்று காட்டியது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "வேற கடைக்குக் கொண்டு போகட்டா மாமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு தை மாதம் கலியாண வீட்டார் கடைக் கதிரைகளில் காத்திருக்க, இதே மெஷின் இதே மாதிரி மக்கர் பண்ணியது. டிவிடி டிரைவ் போய்விட்டது, புதிது வாங்குவோம் என்று நான் குதித்தேன். நீ அசையவில்லை. "அது சாகலடா, பயந்துபோயிருக்கு" என்றாய். கீறல் விழுந்த டிஸ்க்குகளில் சில தடவை தடுமாறினால் போதும், மெஷின் அந்த டிரைவை மெதுவான வழியில் போட்டுவிடும். பிறகு நல்ல டிஸ்க்கைப் போட்டாலும் ஊர்ந்துதான் போகும். மெஷினின் பட்டியலிலிருந்து டிரைவை நீக்கிவிட்டு, மெஷினை அணைத்து மறுபடி போட்டாய். அதைப் புது ஆள் என்று நினைத்து மெஷின் பழைய வேகத்தைக் கொடுத்தது.

இன்று நானும் அதையே செய்தேன். டிஸ்க்கை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்தேன். பென் டிரைவுக்கு நேரே அனுப்பாமல் முதலில் லெப்டொப்பிலேயே இறக்கினேன். அவள் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன், மறைப்பானேன்.

சரியாக வந்திருக்கிறதா என்று போட்டுப் பார்த்தோம். மேடையில் அவள்; பின்னாலிருந்து நீ. "நிமிர்ந்து நில்லும்மா!" உடனே அடுத்தது, லைட் பிடித்து நின்ற எனக்கு. "டேய், லைட்ட ஆட்டாத!"

அவள் சிரித்தாள், அப்படியே அழுதாள். நீ முந்திப் போய்ச் சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது, மச்சான்.

பென் டிரைவில் போட்டுக் கொடுத்து முடிய, வேன் எங்கள் வாசலுக்கே வந்தது. வாசலில் நின்று தன் போனை என்னிடம் நீட்டி, "ஒரு வீடியோ எடுங்க மாமா" என்றாள். எடுத்தேன். கை ஆடவில்லை. வாய்தான் சும்மா இருக்கவில்லை. "நிமிர்ந்து நில்லும்மா!" என்று உன்னைப் போலவே அதட்டிவிட்டேன். வீடியோ பாழாகிவிட்டதோ என்று, சத்தத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

"இதுக்கும் பாட்டுப் போட மாட்டேன் மாமா" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள்.