வதனாக்காவுக்கு, இருபதும் பதினாறும் பற்றி

என்ர வதனாக்கா,

உன் ஆண்டு நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தா என்று அம்மா கேட்டு மூன்று கிழமையாகிறது. மற்றவர்கள் எல்லாரும் கொடுத்துவிட்டார்கள். அத்தான் எழுதியதை வாசித்தேன். உன்னோடு வேலை செய்தவர்கள் எழுதியதையும் வாசித்தேன். எல்லாவற்றிலும் நீ தெய்வம். எனக்கு அப்படி எழுத வராது. எனக்கு உன் மேல் பொறாமை. நீ போன பிறகும் அது போகவில்லை. மலரை விரிக்கிற ஆக்கள் வாசித்தால் வாசிக்கட்டும்.

இரண்டு வயது வித்தியாசம்தான் எங்களுக்கு. பள்ளிக்கூடத்தில் உனக்குக் கணக்கில் ஒன்று, எனக்கு நாலு. இங்கே ஜேர்மனியில் ஒன்றுதான் திறமான புள்ளி என்பது அம்மாவுக்கு விளங்கக் கொஞ்சக் காலம் எடுத்தது. அந்தக் கொஞ்சக் காலம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

வில் பிடிக்கப் போனதும் உன்னால்தான். உன் வேலையிடத்துச் சிநேகிதி பிர்கிட் உன்னைக் கூட்டிக்கொண்டு போனாள். நீ போகிறாய் என்றதும் நானும் வருகிறேன் என்று நின்றேன். கொலோனிலிருந்து ஒரு மணித்தியாலம் ஓடினால் அந்த மலைக்காடு. மரங்களுக்கு நடுவே ரப்பரில் செய்த பன்றி, மான், கரடி. தூரம் எங்கும் எழுதியிருக்காது. கண்ணால் மதித்து, வில்லில் இருபது, முப்பது, நாற்பது மீற்றருக்கென்று இருக்கிற குறிகளில் ஒன்றைப் பிடித்து எய்ய வேண்டும்.

நீ சரிவின் மேல் நின்று ஒரு தரம் கீழே பார்ப்பாய். “இருபத்திநாலு” என்பாய். அம்பு போய்ப் பன்றியின் நெஞ்சில் நிற்கும். நான் முப்பது என்று நினைத்து எய்வேன். அது முதுகுக்கு மேலால் பறந்து சருகுக்குள் போய்விடும். பேந்து முழங்காலில் நின்று அம்பு தேடுவது என் வேலை. எப்படியக்கா தெரியுது என்று ஒருநாள் கேட்டேன். “பார்த்தாத் தெரியுதடி, அதுக்கு நானென்ன செய்ய?” என்றாய். அந்த வசனத்தை எத்தனை நாள் மனதுக்குள் வைத்துக் கடித்தேன் என்று உனக்குத் தெரியுமா?

நீ யாக்ட்ஷைன் எடுத்தாய், வேட்டைக்கான அனுமதிப் பத்திரம். அடுத்த வருஷம் நானும் படித்து எடுத்தேன். காட்டின் மேல் ஆசையில் என்று எல்லாருக்கும் சொன்னேன். பொய். உன் பையில் இருந்தது என் பையிலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜேர்மனியில் வில்லால் வேட்டையாட விடமாட்டார்கள் என்பதால், நீயும் பிர்கிட்டும் ஹங்கேரிக்குப் போக ஒழுங்கு செய்தீர்கள். வில் வேட்டைக்கென்று இருக்கிற சோதனையை நான் உங்களோடு சேர்ந்துதான் பாஸ் பண்ணினேன். ஆனாலும் என்னை நீ கேட்கவில்லை. இரண்டு பேருக்குத்தான் இடம் என்றாய். அந்த இரண்டாவது ஆள் ஏன் நானில்லை?

மாசி மாதம் உன் தலைக்குள் ஒரு நரம்பு வெடித்தது. மூன்று நாளில் எல்லாம் முடிந்தது. செத்தவீட்டில் பிர்கிட் விம்மி விம்மி அழுதாள். நான் விறைத்துப்போய் நின்றேன். அவளுடைய அழுகையைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்ததை இன்றைக்குத்தான் வெளியே சொல்கிறேன். என்னிலும் கூடுதலாக அழ அவளுக்கு என்ன உரிமை?

வைகாசியில் அவள் போன் எடுத்தாள். ஹங்கேரியில் உன் இடம் அப்படியே இருக்கிறதாம். நான் வருகிறேனா என்று கேட்டாள். ஓம் என்றேன், யோசிக்காமலே. நீ அவளுக்குக் காட்டிய முகம் என்ன என்று எனக்கு அறிய வேண்டியிருந்தது. ஆனால் ஒன்று சொன்னேன்: எனக்கு அக்காவின் கண் இல்லை, தூரம் பிழைத்தால் ஒரு உயிரைக் காயப்படுத்தி ஓடவிட்டுவிடுவேன், ரப்பர்ப் பன்றி என்றால் பரவாயில்லை. அப்படியென்றால் ஒரு தூரமானி வாங்கு என்றாள். ஒற்றைக் கண்ணால் பார்க்கிற சின்னத் தொலைநோக்கி மாதிரி ஒன்று. பொத்தானை அமத்தினால் லேசர் போய்த் திரும்பி வந்து தூரத்தைச் சொல்லும்.

சனிக்கிழமை இரண்டு பேரும் கடைக்குப் போனோம். நான் முதலில் கையில் எடுத்தது ஆயிரத்து எண்ணூறு மீற்றர் வரைக்கும் அளக்கிற ஒன்றை. பெரிதாக இருந்தது, உன்னிடம் இல்லாததாகவும் இருந்தது. அவ்வளவு தூரத்தில் நிற்கிற மானை வில்லால் என்ன செய்யப் போகிறாய் என்று பிர்கிட் கேட்டாள். கடைக்காரர் நரைத்த மனுசன், அவசரப்படாதவர். வில்லுக்காரருக்குப் பத்திலிருந்து நாற்பது வரைக்கும் அரை மீற்றர் பிசகாமல் சொன்னால் போதும் என்றார். இலங்கைக் கடையில் கத்தரிக்காய் பார்க்கிற மாதிரி நான் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தேன். ஒன்றில் எழுத்துக் கறுப்பு. இருட்டுகிற காட்டுக்குள் அது தெரியாதாம், சிவப்பு எழுத்துத்தான் தெரியுமாம். இன்னொன்றின் பொத்தான் டிக் என்று சத்தம் போட்டது. அது மானுக்கும் கேட்குமே. மற்றொன்று முன்னுக்கு நின்ற பூச்சாடியின் இலையை அளந்துவிட்டுச் சுவரை விட்டுவிட்டது.

கடைசியில் இரண்டு மிஞ்சின. கடைக்காரர் எங்களை மூன்றாம் மாடிப் படிக்கட்டு யன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கீழே முற்றத்தில் மஞ்சள் குப்பைத் தொட்டி. அதை அளக்கச் சொன்னார். ஒன்று இருபது என்றது. மற்றது பதினாறு என்றது. இரண்டாவது பழுது என்றேன் நான்.

அவர் சிரிக்கவில்லை. இங்கேயிருந்து தொட்டிக்கு நூல் கட்டினால் இருபது, கீழே நிலத்தில் நடந்து போனால் பதினாறு, அம்பைப் பூமி இழுப்பது அந்தப் பதினாறுக்குத்தான் என்றார். இரண்டாவது கருவி சரிவையும் தானே அளந்து கழித்துச் சொல்கிறதாம், வேண்டுமென்றால் இரண்டு தூரத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாகக் காட்டுமாம். பள்ளத்தைப் பார்த்து இருபதுக்கு என்று எய்தால் அம்பு மேலால் போய்விடுமாம்.

மேலால் போய்விடும். அக்கா, நான் அந்தப் படிக்கட்டிலேயே இருந்துவிட்டேன். மூன்று வருஷம் சருகுக்குள் நான் தேடின அம்புகள் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. என் கண் அவ்வளவு மோசமில்லை. சரிவைக் கழிக்க எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. உனக்கு அது தெரிந்திருந்ததா?

கார் தரிப்பிடத்தில் வைத்து இதைத்தான் பிர்கிட்டைக் கேட்டேன். அவள் கார்த் திறப்பைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டுச் சொன்னாள். நீ ஒவ்வொரு புதன்கிழமையும் வேலை முடிய அவளோடு காட்டுக்குப் போவாயாம். சரிவைக் கழிக்காத ஒரு பழைய தூரமானி உன்னிடம் இருந்ததாம். முதலில் கண்ணால் ஒரு கணக்குச் சொல்வாய், பிறகு அளந்து பார்ப்பாய், சரிவை மனதால் கழிப்பாய், பிழையைக் கொப்பியில் எழுதுவாய். மழைக்கும் நிற்பாட்டவில்லையாம். இரண்டு வருஷம்.

பார்த்தாத் தெரியுது என்றாயே.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தங்கச்சிக்குச் சொல்லாதே என்று நீ சத்தியம் வாங்கினாயாம். நீ டொய்ச்சில், ஜேர்மன் மொழியில், சொன்னதை அவள் டொய்ச்சிலேயே திருப்பிச் சொன்னாள். எனக்கு அது உன் குரலில், எங்கள் தமிழில்தான் கேட்டது:

“சுபா வீட்டுக்க வந்தா அம்மா சிரிப்பா. நான் வந்தா மருந்து வாங்கிவரச் சொல்லி டொக்டரின்ர துண்டை நீட்டுவா. காட்டுக்க நிக்கேக்க மட்டும்தான் சுபா என்னை வாயைப் பிளந்து பார்க்கிறாள். அது எனக்கு வேணும்.”

ஹங்கேரிக்கும் அதனால்தான் கேட்கவில்லையாம். அங்கே நான் ஒன்றை வீழ்த்தி, நீ தவறவிட்டால் உன்னால் தாங்க ஏலாதாம்.

உனக்கு என் மேல் பொறாமையா? நாற்பது வருஷம் அதை நான் என் தனிச் சொத்து என்றல்லவா நினைத்திருந்தேன். பாவம் என்று உன்னை நினைத்தேன். அடுத்த நிமிஷமே, அந்தப் புதன்கிழமைகளை எனக்குத் தராமல் பிர்கிட்டுக்குக் கொடுத்தாயே என்று நெஞ்சு எரிந்தது. கடையில் பதினாறு என்று சொன்னதைத்தான் வாங்கியிருந்தேன். உன் பழையதை எனக்குத் தரட்டுமா என்று பிர்கிட் கேட்டாள், அத்தான் அதை அவளிடம் கொடுத்திருந்தார். வேண்டாம் என்றேன். மனதால் கழிக்க என்னால் ஏலாது.

ஐப்பசியில் போனோம். ஓக் மரக்காடு, செங்குத்தான சரிவு, மரத்தின் மேல் கட்டிய பலகைத் தட்டில் ஆளுக்கொரு இடம். இருபத்தைந்துக்கு மேல் எய்வதில்லை என்று எனக்கு நானே எல்லை போட்டிருந்தேன். முதல் நாள் பின்னேரம் ஒரு கொம்பன் மான் கீழே வந்து நின்றது. கருவியில் சிவப்பாக முப்பத்திநாலு, அதன் கீழே சரிவு கழித்து இருபத்தொன்பது. நான் வில்லைத் தூக்கவில்லை. அது ஆறுதலாக மேய்ந்துவிட்டுப் போனது. அன்றைக்குப் பிர்கிட்டுக்கு ஒன்று கிடைத்தது. அவளுக்குக் கை கொடுத்துச் சிரித்தேன். உள்ளுக்குள் நான் எப்படி இருந்தேன் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்த நாள் காலமை ஒரு பெண்மான் தனியாக வந்தது. என் கண் முப்பது என்றது. கருவி நூலுக்கு இருபத்தேழு, வில்லுக்கு இருபத்திரண்டு என்றது. கண்ணை நம்பியிருந்தால் அம்பு முதுகுக்கு மேலால் போயிருக்கும், அல்லது முள்ளந்தண்டைக் கிழித்திருக்கும். இருபதின் குறியை ஒரு மயிரிழை உயர்த்திப் பிடித்தேன். விட்டேன். அது அறுபது அடி ஓடி, நின்று, சரிந்தது. அரை மணித்தியாலம் காத்திருந்து, வழிகாட்டி வந்த பிறகுதான் இறங்கினேன். கிட்டப் போய் அதன் கழுத்தில் கை வைத்தபோது இன்னும் சூடு இருந்தது. செத்தவீட்டில் வராத அழுகை அங்கே வந்தது. பிர்கிட் தூரத்திலேயே நின்றாள். அதற்காக அவளை எனக்குக் கொஞ்சம் பிடித்துவிட்டது.

உனக்குக் கிடைக்காத ஒன்று முதல் தரமாக எனக்குக் கிடைத்தது, அக்கா. வென்றுவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வாயைப் பிளந்து பார்க்க நீ இல்லை.

இறைச்சியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து அம்மாவிடம் கொண்டு வந்தேன். ஆர் அடிச்சது, நீயோ என்று கேட்டார். ஓம் என்றேன். என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்துத் தூள் போட்டுக் குழம்பு வைத்தார். இறக்கியதும் நான் சாப்பாட்டுக் கோப்பையோடு போய்ப் பக்கத்தில் நின்றேன். அம்மா என்னைத் தாண்டிப் போய் உன் படத்துக்கு முன்னால் சோறும் கறியும் வைத்தார். சட்டியைத் துழாவி நல்ல துண்டாய் எடுத்து வைத்தார்.

“பெரியவளுக்கு எலும்போட இருந்தாத்தான் பிடிக்கும்” என்றார். “பிறகு நீ சாப்பிடன்.”

நான் எய்தது, நான் சுமந்து வந்தது. முதல் துண்டு உனக்கு. அம்மா சிரிப்பது எனக்குத்தான் என்றாயே, இதை ஒருதரம் பார்த்திருக்கக் கூடாதா நீ?

பொறாமைப்படுவதை நிற்பாட்ட மாட்டேன், அக்கா. அது சத்தியம். நிற்பாட்டினால் நீ உண்மையாகவே போய்விடுவாய். இனிப் புதன்கிழமைகளில் அம்மாவின் மருந்துத் துண்டை நான் வாங்குகிறேன். மருந்து வாங்கிக் கொடுப்பதிலும் நீ எவ்வளவு திறமாக நடந்துகொண்டாய் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். இருந்து கேட்பேன்.

உனக்குப் பின்னால் பிறந்து, இன்னும் உனக்குப் பின்னாலேயே வருகிற
உன் தங்கச்சி சுபா