அத்தான் வைத்த பூஸ்ட்

என் அன்புக்குரிய அத்தான்,

உங்கள் முதலாம் வருடத் திவசம் ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. படையலில் உங்களுக்குப் பிடித்ததெல்லாம் இருந்தது. ஐயர் போனதும், குண்டசாலை வீட்டு வாசலில் ஹோர்ன் சத்தம். எட்டிப் பார்த்தால் உங்கள் கார் நிற்கிறது. லொறி நசுக்கிய வலது பக்கத்தைத் தட்டி நிமிர்த்தி, புது எஞ்சின் பூட்டி, பின் கண்ணாடியில் உங்கள் படத்தையும் ஒட்டி, உங்கள் கூட்டாளிகள் ஓட்டி வந்திருந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்டுவது? உங்களிடம்தான். அதைப் பத்திரிகையில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. உங்களைப் போலப் பழைய ஜப்பான் காரை வைத்துக்கொண்டு மலை ஏறும் பைத்தியங்கள் இந்தக் கண்டியில் இன்னும் எத்தனை பேர்!

முதலில் என் பழைய கணக்கு. என் கல்யாணத்தன்று மாப்பிள்ளை அழைப்புக்கு நீங்கள் வரவில்லை. டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாய் கழன்று, கெலிஓயாவில் காருக்கு அடியில் படுத்திருந்தீர்கள். தாலி கட்டி முடிந்த பிறகு கிரீஸ் கையோடு வந்து, "மச்சான், இன்னிக்கு என்னா இழுவை தெரியுமா!" என்றீர்கள். அதை நான் மறக்கவில்லை. மறக்கப்போவதும் இல்லை.

நான் பேராதனையில் பொறியியல் படித்தவன். விபத்தில் சிக்கிய வாகனங்களை இன்ஷூரன்சுக்காகப் பரிசோதிப்பது என் தொழில். உடைந்த எஞ்சின்களைப் பார்த்தே தலை நரைத்துவிட்டது. நீங்களோ ஒரு நாளாவது என் பேச்சைக் கேட்டீர்களா? "நீ புத்தகத்த ஓட்டு, நான் கார ஓட்டுறேன்" என்பீர்கள். உங்கள் கூட்டாளிகள் சிரிப்பார்கள். அவர்களில் பிரபா எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரிப்பான்.

போன வருடம் ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போனீர்கள். மேலே காற்று மெலிவு, எஞ்சின் சோர்ந்து போகும். கார் பழுதல்ல, மலையின் இயல்பு அது. இழுவை குறைந்துவிட்டது என்று உங்களுக்குப் பொறுக்கவில்லை. புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பது டர்போ. திணிப்பு அளவு மீறினால் புகையைப் பக்கவழியாக விட ஒரு சின்ன மூடி உண்டு. அந்த மூடி எளிதில் திறக்காதபடி, அதைப் பிடிக்கும் கம்பியைப் பிரபா முறுக்கிக் குறுக்கினான். அந்தத் திணிப்பு அழுத்தத்துக்குத்தான் பூஸ்ட் என்று பெயர்; கம்பெனி வைத்தது அரை பார். நீங்கள் வைத்தது ஒரு பாருக்கும் மேல். நுவரெலியாக் குளிரில் அது தாங்கியது. தாங்கியதும் அதுவே உங்களுக்கு வேதமாகிவிட்டது.

அதே முறுக்கோடு கீழே இறங்கி வந்தீர்களே, அங்கேதான் எனக்குப் பற்றி எரிகிறது. கடுகண்ணாவை ஏற்றத்தில் காற்று கனம், வெயிலில் சூடு. பூஸ்ட் காட்டும் கேஜ் முள் அதே இடத்தைக் காட்டும். ஆனால் உள்ளே போகும் காற்றும் அதிகம், சூடும் அதிகம். அந்தச் சின்ன டர்போவுக்கு ஓர் எல்லை இருக்கிறது. அதுவரை அது காற்றைத் தள்ளும். அதற்கு மேல் தள்ளுவதை விடச் சூடாக்குவதுதான் அதிகம். நீங்கள் சக்தி என்று நினைத்ததில் பாதி வெறும் சூடு, அத்தான். போட்டதோ சாதாரண பெற்றோல். சூடு தாங்காமல் அது கண்ட நேரத்தில் வெடித்துப் பிஸ்டனை அடிக்கும். தகர டின்னில் கல்லைக் குலுக்குவது போலச் சத்தம் கேட்கும். உங்களுக்கு எப்படிக் கேட்கும்? சைலன்சரைத்தான் கழற்றி எறிந்திருந்தீர்களே.

ஏற்றத்தில் கொள்கலன் லொறியை முந்தும்போது பிஸ்டன் ஓட்டையானது. பாதி முந்திய நிலையில் கார் இழுக்கவில்லை. எதிரே ஒரு லொறி இறங்கி வந்தது. அந்த எஞ்சினைப் பிரித்தபோது நான் பக்கத்தில் நின்றேன். ஓட்டையை என் விரலால் தொட்டேன்.

செத்த வீட்டில் என்ன சொன்னார்கள் தெரியுமா? கண்ணூறு என்றார்கள். விதி என்றார்கள். "சிங்கம் மாதிரி வாழ்ந்தாரு, சிங்கம் மாதிரி போனாரு" என்றான் பிரபா. நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, பிள்ளைக்கு மட்டும் சொல்லாத. விதின்னு நெனச்சாவது தூங்கட்டும்." ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரபா உங்கள் மகள் தர்ஷினியிடம் சாவியை நீட்டினான். "அடுத்த போயா லீவுக்கு அண்ணன் ஞாபகமா எல்லாரும் கடுகண்ணாவ ஏறுறோம். முன்னுக்கு நீதான் போகணும், மகள்."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். உங்கள் முகமேதான்.

"பூஸ்ட் எவ்வளவு வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"அண்ணன் வச்ச அதே அளவு, சார். கம்பிய அளந்து வச்சோம். ஒரு நூல் கூட மாறல."

"ஏன்?"

"என்னா சார் கேக்குறீங்க? அவரு கேட்டு வச்ச அளவு. அத எறக்குனா அவர அவமானப்படுத்துற மாதிரி இல்லையா?"

கேட்டீர்களா? உங்களைக் கொன்ற அளவை உங்கள் நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள்! ஊரில் தலைவருக்குச் சிலை வைப்பார்கள், உங்களுக்குப் பூஸ்ட் வைத்தார்கள்.

சாவியைப் பறித்தேன். "இன்ஷூரன்ஸ் சாருக்கு எல்லாத்துலயும் பயம்" என்று ஒருவன் சிரித்தான். தர்ஷினி சிரிக்கவில்லை. "ஒங்களுக்கு அப்பாவ எப்பவுமே புடிக்காது, மாமா. செத்தப்புறமும் விட மாட்டீங்களா?" என்றாள்.

"தம்பி, வேணாம்" என்றாள் அக்கா, நான் வாயைத் திறக்கும் முன்பே.

நான் சொன்னேன், அத்தான். பொனட்டைத் திறந்து, கம்பியைக் காட்டி, காற்று, சூடு, பெற்றோல், பிஸ்டன் எல்லாவற்றையும் சொன்னேன். வங்கியில் வேலை பார்க்கும் பிள்ளை, விளங்காமல் போகுமா? முழுவதையும் கேட்டுவிட்டுப் பிரபாவைப் பார்த்தாள்.

"மாமா சொல்றது உண்மையா?"

அவன் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அது வந்து... அன்னைக்கு நல்லாத்தான் இழுத்துச்சு, மகள்."

"அப்ப விதி இல்ல."

அவள் படியில் உட்கார்ந்து அழுதாள். ஒரு வருடமாக அழாத அழுகை. அக்கா அவளை அணைத்துக்கொண்டு, என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. அதன் பிறகு அக்கா என்னோடு பேசவில்லை. தொலைபேசியையும் எடுப்பதில்லை. உங்களால் இழந்தவற்றில் அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை தர்ஷினி என் வீட்டுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. "கார விக்க மாட்டேன், மாமா. அத எவ்வளவுல வச்சு ஓட்டுனா பாதுகாப்பு? அத மட்டும் சொல்லுங்க." கம்பெனி வைத்த அளவு என்றேன். அதுவும் ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, புது கேஜ் பூட்டி, சைலன்சர் ஒன்றும் போட்ட பிறகு. அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம், நுவரெலியாவில் எவ்வளவு சோர்ந்தாலும் வேண்டாம் என்றேன். தலையாட்டினாள். பிறகு, "அப்பாக்கும் இப்பிடிச் சொன்னீங்களா?" என்றாள். எத்தனையோ தரம் என்றேன். "என்னா சொன்னாரு?" நீங்கள் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. அந்த ஒன்றை மட்டும் உங்களுக்காக விழுங்கினேன்.

உங்களை மன்னிப்பேன் என்று வாக்குத் தர மாட்டேன். தரும் வாக்கு இதுதான்: நான் உயிரோடு இருக்கும் வரை அந்தக் கம்பியை எவனும் முறுக்க மாட்டான். உங்கள் கூட்டாளிகள் கும்பிட்டுக் கேட்டாலும் சரி, நீங்களே எழுந்து வந்து கையை நீட்டினாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் மகளுக்குத் தாய்மாமன்,
சிவநாதன்