அட்டையின் கடைசி வரி

11-11-96, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். பீளமேட்டில் கடை திறக்கும்போதே கரண்ட் இல்லை. கல்லூரிப் பையன்களின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் மூன்று அடித்துக் கொடுக்கப் பாக்கி.

கோபியிலிருந்து அண்ணன் போன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குக் காரியம். "அட்டையை உன்ற கம்ப்யூட்டர்லயே அடிச்சுப்போடு, வெளிய எதுக்கு." சரிங்ணா என்றேன். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் நான் எழுதிய புரோகிராம்தான். டெம்ப்ளேட்டில் 'பெயர்' என்று இருக்கும் இடமெல்லாம் ஆளின் பெயரை அதுவே இட்டு நிரப்பிவிடும். அப்பா பெயரைத் தட்டக் கை ஓடவில்லை.

வாங்க: பிரிண்டர் ரிப்பன், ஊதுபத்தி, அம்மாவுக்குத் தைலம்.

12, செவ்வாய்

"துயருறும் மக்கள்" பட்டியல். அண்ணன், நான், பிறகு கோகிலா. தங்கை பெயர் இல்லாமல் என்ன அட்டை. வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து வீட்டில் அவள் பேச்சே கிடையாது. பெருந்துறையில் இருப்பது எனக்கு மட்டும் தெரியும். அவள் வீட்டுக்காரருக்கு அங்கே தொழிற்பேட்டையில் வேலை.

அப்பா போனதை நான்தான் போய்ச் சொன்னேன். "மூஞ்சியக்கூடப் பாக்க முடியலீங்ணா" என்று அழுதாள். காரியத்துக்கு வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.

அட்டை முடிவில் வேண்டுதல் வரி ஒன்று புதிதாகச் சேர்த்தேன். மறுபடி கரண்ட் போய்விட்டது.

14, வியாழன்

கோபி. ஒரு பிரதி அடித்து, படித்துக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டேன். என் புத்தி.

அண்ணன் படித்தார். பட்டியலில் கோகிலாவைக் கண்டு குதிப்பார் என்று நின்றேன். குதிக்கவில்லை. கடைசி வரியில் விரலை வைத்தார். "கோகிலா அவர்களின் ஆன்மா சாந்தியடைய வேண்டுகிறோம்."

காரணம் உடனே புரிந்தது. பட்டியலுக்கு வெளியே 'பெயர்' என்றால் அப்பா. உள்ளே போனால் ஒவ்வொரு பிள்ளையாக மாறும். வெளியே வந்ததும் அப்பா பெயர் திரும்ப வர வேண்டும். நான் புரோகிராமில் இரண்டு பெயருக்கும் ஒரே டப்பாவை வைத்திருக்கிறேன். கடைசியாக அதில் விழுந்தது கோகிலா, அப்படியே நின்றுவிட்டாள். கல்யாண அட்டையில் பட்டியலுக்குக் கீழே பெயர் வராது, அதனால் இத்தனை நாள் மாட்டவில்லை.

"கம்ப்யூட்டர் தப்புங்ணா, மாத்திப்போடறேன்."

"எதுக்குடா மாத்தற. சரியாத்தான இருக்குது."

சிரிக்கவில்லை அவர்.

அம்மா வந்து அட்டையை வாங்கினாள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்து அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

"அவளை முடிச்சுப்போட்டியா கண்ணு? இல்ல, இனிமேத்தானா?"

நான் புரோகிராம், பட்டியல் என்று ஏதேதோ உளறினேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணன் இல்லையென்று சொல்லவில்லை. அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அவ எங்க இருக்கறான்னு உனக்குத் தெரியுமாடா?" மெதுவாகத்தான் கேட்டார்.

"தெரியாதுங்ணா."

கிளம்பும்போது அம்மா பின்பக்கம் பொடக்காளிக்குக் கூப்பிட்டாள். "அவளை வரச்சொல்லிப்போடாத கண்ணு." நான் போய்வருவது இவளுக்கு எப்படித் தெரியும். கேட்கத் தைரியமில்லை. அண்ணனை நினைத்தால் பயமாக இருக்கிறது. கூடப் பிறந்தவனைப் பற்றி இப்படி எழுத வேண்டியிருக்கிறது.

15, வெள்ளி

மழை. புரோகிராமைச் சரிசெய்தேன். பட்டியலுக்குள் போகும் முன் பழைய பெயரை எடுத்து வைத்து, வெளியே வந்ததும் திருப்பிப் போட வேண்டும், அவ்வளவுதான். கோகிலாவைப் பட்டியலிலிருந்து நானே எடுத்தேன். அட்டை சுத்தமாக வந்தது.

பெருந்துறை பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது. கூட்டம், ஈரக் குடைகள். தெரிந்த முகம் எதுவும் இல்லை, இரண்டு தடவை பார்த்துவிட்டேன். வராதே என்று சொல்ல வேண்டும். வீட்டை மாற்றச் சொல்ல வேண்டும், முடிந்தால் ஊரையே.

விஜயமங்கலம் தாண்டிவிட்டது. என்னைப் பார்த்ததும் அவள் கேட்கப்போவது ஒன்றுதான். அம்மா வரச்சொன்னாங்களாண்ணா.