காட்டேரிக்குப் பயந்து இரத்தம் கொடுக்காதவர்கள்

1986 ஆவணி 12

எங்கள் பத்திரிகையின் வாரமலர்த் தொடர்கதையில், ஒல்லாந்தர் காலத்துக் காட்டேரி ஒன்று கால இயந்திரத்தில் இன்றைய யாழ்ப்பாணத்துக்கு வந்து, இரத்த வங்கிப் போத்தல்களைக் குடிக்கிறது.

இன்று இரத்த வங்கித் தாதி அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

“உங்கடை கதையாலை ஆக்கள் இரத்தம் குடுக்க வருகினமில்லை, அண்ணை. ‘உந்தக் காட்டேரி குடிக்கவோ நாங்கள் குடுக்கிறது’ எண்டு கேக்கினம். செல் குண்டடிபட்ட பிள்ளை ஒண்டு ஒப்பரேசனுக்குக் கிடக்குது.”

கதையை எழுதும் உதவி ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு இரத்த வங்கிக்குப் போனேன். இருவரும் கொடுத்தோம். ஊசியைக் கண்டு அவர் வெளிறினார்.

“பயப்பிடாதையும் தம்பி, உவன் இண்டைக்கு லீவு,” என்றார் தாதி.

அடுத்த அத்தியாயத்தில் காட்டேரிக்கு நம் இரத்தம் ஒத்துக்கொள்ளாமல் போகுமாம். ஒல்லாந்தர் காலத்துக்கே திரும்பிவிடுமாம். நல்லதுதான். ஆனால் வாரமலர் ஞாயிறுதான் வரும். பிள்ளைக்கு இன்னொரு போத்தல் விடியுமுன் வேண்டும்.